உடையும் என்று தெரிந்த எண்

147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைக்கிற 21 இலக்க எண். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 'குறை சொல்றியே, மாற்று என்ன?' என்று கூட்டத்துக்குக் கூட்டம் நம்மிடம் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி இந்த எண்ணுக்குள்ளும் கிடக்கிறது.

1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால், அடுக்கு 257 வரை, எவையெவை பகா எண்கள் என்று. அதில் 67 இருந்தது. நிரூபணம் இல்லை; சொன்னவரின் பெயரே நிரூபணம் போல நின்றது. இன்றும் இவ்வகை எண்கள் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. பட்டியலிலோ ஐந்து பிழைகள்: 67, 257 தவறாக நுழைந்தவை, 61, 89, 107 விடுபட்டவை.

1876இல் லூக்காஸ், 67க்குரிய எண் பகா எண் அல்ல என்று நிறுவினார். வேடிக்கை என்னவென்றால், அது எந்த எண்களின் பெருக்கம் என்பது அவருக்கே தெரியாது. அதெப்படி? அவர் வழியை லேமர் 1930களில் செப்பனிட்ட வடிவில் பார்ப்போம். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். ஐந்து இரண்டுகளால் ஆன 31க்கு: 4, 14, 8, 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படியில், இங்கே மூன்றாம் படியில், பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 67க்கு 65ஆம் படியில் பூஜ்யம் வருவதில்லை. ஆக, எண் உடையும். எங்கே உடையும் என்பதைப் பற்றி இந்தச் சோதனை வாயே திறக்காது.

1903இல் நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில், ஃபிராங்க் நெல்சன் கோல் விடையை வைத்தார்: 193707721 × 761838257287. இதன் காரணிகளை 134ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இப்படிச் சில சலுகைகள் உண்டு. அப்படியும் கையால் தேடுவது பெரும்பாடு. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயிற்று என்று கோல் தன்னிடம் சொன்னதாகவும், கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அவர் உட்கார்ந்ததாகவும் ஈ. டி. பெல் பின்னாளில் எழுதினார். பெல் கதை சொல்லத் தெரிந்தவர். அந்த மௌனத்தை நம்பலாம், நம்பாமலும் போகலாம். பெருக்கலுக்கு யார் நம்பிக்கையும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுப் பார்த்துவிடலாம்.

'உடையும்' என்று அறிவதற்கும் உடைத்துக் காட்டுவதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் உருவாக்கிய ரகசியப் பூட்டு நிற்கிறது. அதன் எண் பகு எண் என்பது ஊரறிந்த விஷயம், காரணிகள்தான் சாவி. அதை வேகமாக உடைக்க வழியே கிடையாது என்பதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை.

மாற்றைக் காட்டாததால் லூக்காஸின் மறுப்பு அரைகுறை ஆகிவிடவில்லை. 1876லேயே அது முழுமை. ஆனால் அதைச் சரிபார்க்கத் தேர்ச்சி வேண்டும். கோலின் ஞாயிற்றுக்கிழமைகள் செய்த காரியம் வேறு: அந்த உண்மையை, பெருக்கத் தெரிந்த எவர் கையிலும் கொடுத்தன. நமக்கு இரண்டு வேலையும் இருக்கிறது. முதல் வேலையைச் செய்தவரிடம் போய், இரண்டாவது எங்கே என்று வாயடைக்க யாருக்கும் உரிமை இல்லை.