தேதி தவறாமல் வரும் பணம்: பிரேசிலில் வறுமை குறைந்த கதை

பிரேசிலில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு ரொக்கம் தரும் 'போல்சா ஃபமீலியா' திட்டத்தின் அட்டை வைத்திருக்கும் பெண்ணுக்கு அட்டை எண்ணின் கடைசி இலக்கம் முக்கியம். அது 1 என்றால், பொதுவாக மாதக் கடைசியில் வரும் பத்து வேலைநாட்களில் முதல் நாளே பணம் வந்துவிடும். 2 என்றால் மறுநாள். 0 என்றால் பத்தாவது நாள். ஆண்டு முழுவதற்குமான தேதிப் பட்டியல் முன்கூட்டியே வெளியாகிவிடும். அரசு வங்கியான 'காய்ஷா'வின் கிளை ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, லாட்டரிச் சீட்டுக் கடையிலேயே அட்டையைக் காட்டிப் பணம் எடுக்கலாம்.

ஏழைக் குடும்பத்துக்கு அரசு ரொக்கம் கொடுத்தால் வறுமை குறையுமா என்று கேட்பவர்கள் எவ்வளவு தொகை என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என்று வரும் என்பது தெரிந்திருப்பதற்கும் அதே அளவு மதிப்பு உண்டு.

2003 அக்டோபரில் அதிபர் லூலா இந்தத் திட்டத்தை அறிவித்தார். யோசனை புதிதல்ல. காம்பினாஸ் நகரமும் தலைநகர் பிரேசிலியாவும் 1995லேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தன. பிறகு மத்திய அரசும் பள்ளிக்கு, உணவுக்கு, எரிவாயுவுக்கு என்று தனித்தனியாகக் கொடுத்துவந்தது. அப்படிச் சிதறிக் கிடந்த நான்கு உதவிகளை லூலா அரசு ஒன்றாக்கியது. மிக ஏழையான குடும்பத்துக்கு மாதம் 50 ரியால், பிள்ளைக்கு 15 ரியால் வீதம் மூன்று பிள்ளைகள் வரை. எல்லாம் சேர்ந்தாலும் 95 ரியால்தான். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 240 ரியால். இந்தப் பணத்தை நம்பி யாரும் வேலையை விட்டுவிட்டு உட்கார முடியாது.

இவ்வளவு சிறிய தொகை என்ன செய்துவிடும்? வடகிழக்கு பிரேசிலின் வறண்ட உள்நாட்டுப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மழை பெய்தால் விதைப்பு, இல்லாவிட்டால் கூலிக்கு வெளியூர். அங்கே வருமானம் குறைவு என்பது பாதிப் பிரச்சினை. எப்போது வரும் என்று தெரியாதது மீதிப் பாதி. அப்படிப்பட்ட வீட்டில் கடன் கொடுக்கும் கடையில்தான் வாங்க முடியும், கடைக்காரர் சொல்வதுதான் விலை. கையிருப்பு தீர்ந்தால் முதலில் குறைவது சாப்பாடு, அடுத்துப் பிள்ளையின் படிப்பு. மாதம் தவறாமல் ஒரு தொகை வரும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த மாதத்துக்குக் கணக்குப் போட முடிகிறது. கடைக்காரரும் நம்பிக் கொடுக்கிறார்.

சமூகவியலாளர் வால்கீரியா லியாவ் ரேகோவும் தத்துவப் பேராசிரியர் அலெஸாண்ட்ரோ பின்சானியும் உள்நாட்டு ஊர்களில் அட்டை பெற்ற பெண்களைச் சந்தித்துப் பேசி, 2013இல் அதை நூலாக்கினார்கள். அவர்களில் பலருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தங்கள் பெயரில் வந்த நிலையான வருமானம் இதுதான். பணத்தைக் கூடியமட்டும் பெண்ணின் பெயரில் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்நாட்களில் அட்டைதாரர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களாக இருந்தார்கள். இன்றைக்கு என்ன சமைப்பது என்று கணவரைக் கேட்காமல் முடிவுசெய்வதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

பணத்தோடு நிபந்தனைகளும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வர வேண்டும். தவறினால் உடனே பணம் நின்றுவிடாது. முதலில் எச்சரிக்கை, பிறகு தற்காலிக நிறுத்தம் என்று படிப்படியாகத்தான் போகும். இடையில் சமூக நலப் பணியாளர்கள் அந்தக் குடும்பத்துக்கு என்ன சிக்கல் என்று விசாரிக்க வேண்டும். தண்டிப்பதைவிட, எந்த வீடு தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்கவே இந்த நிபந்தனைகள் பயன்பட்டன என்று சொல்லலாம்.

விளைவு பிள்ளைகளின் உயிரிலேயே தெரிந்தது. டாவிடே ரசெல்லாவும் சக ஆய்வாளர்களும் 2004 முதல் 2009 வரை 2,853 நகராட்சிகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2013இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். திட்டம் பரவலாகச் சென்றடைந்த ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 17 சதவீதம் குறைந்திருந்தது. ஊட்டச்சத்துக் குறைவால் நேர்ந்த இறப்புகள் 65 சதவீதமும் வயிற்றுப்போக்கால் நேர்ந்தவை 53 சதவீதமும் குறைந்தன.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு பட்டியல். உள்ளூர் நகராட்சி குடும்பத்தைப் பதிவுசெய்கிறது. பணம் மத்திய அரசிடமிருந்து நேராக அட்டைக்கு வருகிறது. நடுவில் நின்று "நான் வாங்கித் தந்தேன்" என்று ஊர்ப் பெரியவர் சொந்தம் கொண்டாட வழியில்லை. 2011இல் இன்னும் ஒரு படி மேலே போய், விண்ணப்பிக்கத் தெரியாதவர்களை அரசே தேடிப்போய்ச் சேர்க்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியபோது, நிராகரிக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைக்கப்பட்டது. யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போனது என்பதே எங்கும் முதல் சிக்கல்.

ரொக்கம் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற பேச்சு பிரேசிலிலும் ஓயவில்லை. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. ஆனால் சிலர் பதிவில் ஏறும் வேலையிலிருந்து பதிவில் ஏறாத வேலைக்கு நகர்ந்தது தெரிந்தது. சம்பளச் சீட்டு வந்தால் உதவி நின்றுவிடுமோ என்ற பயம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் அரை சதவீதம்தான் செலவானது. 2017 நிலவரப்படி இந்தப் பணத்தால் அதீத வறுமை 25 சதவீதமும் வறுமை 15 சதவீதமும் குறைந்ததாக அரசு ஆய்வு நிறுவனமான 'இபெயா' கணக்கிட்டது. ஏற்றத்தாழ்வு குறைந்ததில் இதன் பங்கு பத்தில் ஒன்றுதான். வேலையும் குறைந்தபட்சச் சம்பள உயர்வும் இல்லாமல் அந்த மாற்றம் வந்திருக்காது.

திட்டத்தை எப்படிக் கெடுக்கலாம் என்பதற்கும் பிரேசிலே உதாரணம். 2021இல் அதிபர் போல்சனாரோவின் அரசு பெயரை மாற்றியது. குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் குறைந்தபட்சம் 400 ரியால் என்றும், 2022 தேர்தல் நெருங்கியபோது 600 ரியால் என்றும் ஆக்கியது. தனியாக வாழ்பவருக்கும் 600, நான்கு பிள்ளைகளோடு இருக்கும் தாய்க்கும் 600. பதிவேட்டில் தனிநபர் குடும்பங்கள் திடீரென்று பெருகின. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கட்டிய பட்டியலின் நம்பகத்தன்மை ஆட்டம் கண்டது.

2023 மார்ச்சில் பழைய பெயர் திரும்பியபோது, 600 ரியாலோடு ஆறு வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 150 ரியால் கூடுதலாகச் சேர்த்தார்கள். வேலை கிடைத்து வருமானம் ஓரளவு உயர்ந்தாலும் இரண்டு ஆண்டுகள் பாதித் தொகை தொடரும் என்றார்கள். சம்பளச் சீட்டுப் பயத்துக்கு அது நல்ல மருந்து. 2025இல், புதிதாக இந்த விதிக்குள் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காலத்தை ஓராண்டாகச் சுருக்கினார்கள். செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி புரிகிறது. ஆனாலும், ஒப்பந்த வேலை எத்தனை மாதம் நிலைக்கும் என்று தெரியாத குடும்பத்துக்கு ஓராண்டு போதாது என்பதே என் எண்ணம். வருமானம் மறுபடி சரிந்து திரும்பி வருபவர்களுக்குத் திட்டத்தில் முன்னுரிமை உண்டு என்ற விதியை அரசு தொடவில்லை.