கிணற்றுத் தண்ணீரும் எச்.ஐ.வி தொற்றும்

மூன்று மாதமாக வயிற்றோட்டம் நிற்கவில்லை என்று அந்தச் சகோதரி சொன்னபோது உடம்பு பாதியாகக் கரைந்திருந்தது. எச்.ஐ.வி தொற்று இருப்பது தெரிந்த நாளிலிருந்து மாமியார் அவருக்குத் தனிக் கோப்பை வைத்திருந்தார். கோப்பையாலோ மலசலகூடத்தாலோ எச்.ஐ.வி பரவாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உண்மையில் ஆபத்து மறுபக்கத்திலிருந்துதான் வந்தது. மாட்டுக்கொட்டிலுக்கு அருகே இருந்த கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் அவர் குடித்து வந்தார்.

கிரிப்டோஸ்போரிடியம் என்பது கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணி. மனித மலத்திலும் கன்றுகளின் சாணத்திலும் இருந்து தண்ணீரில் கலக்கிறது. சுகதேகிக்கு ஓரிரு வாரத்தில் மாறிவிடும். ஆனால் நோயெதிர்ப்பைக் காக்கும் சிடி4 கலங்கள் 200க்குக் கீழே குறைந்தவருக்கு மாதக்கணக்கில் நீடித்து உயிரையும் எடுக்கலாம்.

இதற்குக் குளோரினும் போதாது. 1993 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் இட்ட குழாய்த் தண்ணீராலேயே சுமார் 4 இலட்சம் பேர் நோயுற்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் எயிட்ஸ் நோயாளர். முகாம்களில் பவுசர் தண்ணீர் குளோரின் மணத்தால் பயமில்லை என்று குடித்த எங்களுக்கு இது புதிய செய்திதான். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடமாவது நிற்கவேண்டும். கொட்டில் கூட்டினால், பிள்ளைக்கு மலம் கழுவினால் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்பவர்களுக்குத் தோல் வழியே நுழையும் புழுக்களும் உண்டு. செருப்புப் போடுங்கள்.

பூச்சி மாத்திரை கிரிப்டோஸ்போரிடியத்துக்கு வேலை செய்யாது. சாதாரண மலப் பரிசோதனையிலும் அது தப்பிவிடலாம். ஆகவே எச்.ஐ.வி தொற்று இருப்பதை வைத்தியரிடம் மறைக்கவேண்டாம். தெரிந்தால் அதற்கென விசேட சாயமிட்டுப் பார்ப்பார்கள். முக்கிய மருந்து எச்.ஐ.வி மாத்திரைதான். சிடி4 ஏறினால் உடம்பே இந்த ஒட்டுண்ணியைத் துரத்தும். அந்த மாத்திரை அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம்.

அந்தச் சகோதரி மாத்திரையை இடையில் நிறுத்தியிருந்தார். சிகிச்சை நிலைய வாசலில் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுவிட்டாராம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். வேறு மாவட்டத்துச் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றிக் கேட்டோம், கிடைத்தது. முதல் இரண்டு தடவை நானும் பஸ்ஸில் கூடப் போனேன். சில மாதங்களில் வயிற்றோட்டம் நின்றது.

இப்போது மாமியாரே தண்ணீர் கொதிக்க வைக்கிறார், வீட்டில் எல்லோருக்கும். தனிக் கோப்பையைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.