லயத்து வாசலில் தொடங்கும் வைத்தியம்

வலப்பனைப் பிரதேசத்திலே இராகலை, ஹைபொரஸ்ட், ஹல்கரனோயா முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால், அது காலைப் பிரட்டிலேயே தெரிந்துவிடும். செக்ரோலில் அவர் பேருக்கு நேரே அன்றைய கட்டம் வெறுமையாக இருக்கும். ஆனால், மனநோய்க்கு மருந்து உட்கொள்ளும் ஒருவர் இம்மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை என்பதைச் சொல்லும் செக்ரோல் எதுவும் இல்லை. ஒரு நாள் கொழுந்து தவறினால் கணக்கு உண்டு. ஒரு மாத மருந்து தவறினால் கணக்கு இல்லை. மனச்சிதைவு என்னும் நோயைப் பொறுத்தவரையில், வாழ்வுக்கும் தாழ்வுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பல வேளைகளில் இந்த ஒன்றிலேயே தங்கியிருக்கின்றது.

மனச்சிதைவு என்பது யாது? வைத்திய நூலார் ஸ்கிசோபிரீனியா என்று வழங்கும் இந்நோய் பெரும்பாலும் பதின்மூன்றிலோ ஐம்பதிலோ அன்று, இளமை அரும்பி மலரும் இருபது வயதை அண்டிய பருவத்திலேயே தலைகாட்டுகின்றது. அருகில் எவரும் இல்லாதபோது குரல்கள் கேட்கும். அயலார் தன்னைப் பற்றியே சதி செய்கின்றனர் என்று தோன்றும். உறக்கம் கெடும், குளிப்பும் உடுப்பும் மறந்துபோகும், நண்பரை விட்டு ஒதுங்கி இருளில் முடங்கத் தோன்றும். ஒருவருக்குள் இருவர் வாழ்வது போன்றது இந்நோய் என்று திரைப்படங்கள் காட்டுவது தவறு. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அது படித்தவர், பாமரர் என்று பார்ப்பதில்லை. தாயின் வளர்ப்புக் குறையாலும் வருவதில்லை.

பேய் பிடித்தது என்றெண்ணிக் கோடாங்கியை அழைத்து உடுக்கடிக்கும் குடும்பத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. பிள்ளை படும் வேதனையைக் கண்ட பெற்றோர், தமக்குத் தெரிந்த வாயிலைத்தானே தட்டுவர்? பூசை நடப்பதானால் நடக்கட்டும். ஆயின் அதற்காக மருந்து தாமதமாகக் கூடாது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, நோய் தணிவது கடினமாகின்றது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளருக்குப் பயன்படத் தொடங்கியது முதல், அதுவரை சங்கிலியும் அடைத்த அறையுமே கதியென்றிருந்த பலர் வீடு திரும்ப வழி பிறந்தது. இன்று நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளும் உண்டு. இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசிகளும் உண்டு.

நம் நாட்டில் நெடுங்காலமாக மனநோய் என்றதும் மக்கள் வாயில் வந்த சொல் ‘அங்கொடை’ என்பதே. 1920களில் கொழும்பின் அயலில் எழுந்த அப்பெரிய வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகமாக விளங்குகின்றது. மலைநாட்டிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டவரைப் பார்க்கப் போவது எளிதாக இருக்கவில்லை. ஆகவே வீட்டாருடைய தொடர்பு அற்றுப்போவது எளிதாயிற்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நாட்டை உலுக்கிய பின்னரே மனநலம் பற்றிய சிந்தனை பரவலாயிற்று. 2005இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையைத் தலைநகரின் மதில்களுக்குள் வைத்திராது மாவட்டங்களுக்கும் மக்கள் வாழும் ஊர்களுக்கும் கொண்டுசெல்வதை நோக்கமாகக் கொண்டது. மனநலத்துக்கென மருத்துவ உத்தியோகத்தர்களும் ஊர்ப்புறங்களுக்கு வரலாயினர்.

கொள்கை மலையேறி வந்தாலும், லயத்து வாசலுக்கும் கிளினிக் வாசலுக்கும் இடையே இன்னும் ஒரு பள்ளம் கிடக்கின்றது. அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இருபது வயது மகனை ஒரு தாய் கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறாள் என்று கொள்வோம். அன்று அவளுக்குப் பேர் இல்லை. மகன் வேலைக்குப் போகிறவனாயின் அவனுக்கும் இல்லை. பஸ் கட்டணம் இருவருக்கும். போய்ச் சேர்ந்த பின், தன் காதில் விழும் குரல்களைப் பற்றி அவன் தமிழில் கூறுவதை விளங்கிக்கொள்ள ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். காய்ச்சலை உஷ்ணமானி காட்டிவிடும். மனத்தின் நோயை மொழி ஒன்றே காட்டும். இரண்டு மாதம் மருந்து எடுத்தபின் அவன் தெளிகின்றான். ‘குணமாகிவிட்டதே, இனி ஏன் இரண்டு பேர் சம்பளத்தை இழக்க வேண்டும்?’ என்று தாய் எண்ணுகிறாள். மருந்தினால் உண்டாகும் தூக்கமும் கை நடுக்கமும் அவனையும் அவ்வாறே எண்ணச் செய்கின்றன. மருந்து நிற்கின்றது. சில மாதங்களில் நோய் திரும்புகின்றது. முன்னிலும் கடுமையாக வருதலும் உண்டு. இது அத்தாயின் குற்றமா? அன்று. நிற்காமற் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லாமையின் குற்றம்.

அந்த ஒருவர் பெரிய வைத்தியராகத்தான் இருக்க வேண்டுமா? இவ்வினாவுக்குத் தமிழகத்திலிருந்து ஒரு விடை கிடைத்துள்ளது. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், பிற நிறுவனங்களுடன் சேர்ந்து, காஞ்சிபுரத்து நாட்டுப்புறத்திலும் கோவாவிலும் மகாராஷ்டிராவின் சாத்தாரா பகுதியிலும் ஓர் ஆய்வை நடத்தியது. அதன் முடிவுகள் 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தன. நோயாளர் 282 பேரில் ஒரு பகுதியினர் வழக்கமான வைத்தியசாலைச் சிகிச்சை மாத்திரம் பெற்றனர். ஏனையோருக்கு அதனோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரும் வீடு தேடிச் சென்று உதவினர். மருந்தை நினைவூட்டுவது, நோயைப் பற்றி வீட்டாருக்கு விளக்குவது, வேலைக்குத் திரும்பத் துணைநிற்பது ஆகியனவே அவர்தம் பணி. ஓராண்டின் முடிவில் பின்னவர்களின் நோய்க்குறியும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. பயன் மிகப் பெரிதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் மனநலச் சேவை அரிதாயுள்ள நாட்டுப்புறங்களுக்கே இம்முறை மிகப் பொருந்தும் என்று ஆய்வாளர் கண்டனர். வலப்பனை போன்ற மலைப்பகுதிகளுக்கு வேண்டிய செய்தி இதுவேயன்றோ?

இலங்கை பற்றியும் ஓர் ஆய்வுண்டு. நான்சி வாக்ஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞர், இங்கே மனச்சிதைவு நோயாளரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 1979இல் எழுதினார். மேலைநாட்டாரைவிட இந்நாட்டு நோயாளர் பலர் நன்கு தேறினர் என்பது அவர் கண்ட முடிவு. குடும்பம் அவர்களைக் கைவிடாமையும், நோயாளி என்ற முத்திரையை நிரந்தரமாகக் குத்தாமையும், தம்மால் இயன்ற வேலைக்கு அவர்கள் திரும்ப முடிந்தமையும் காரணங்களாகலாம் என்றார் அவர். மறுபுறம், ஓயாது குறைகூறி ஏசும் வீட்டுக்குத் திரும்புவோருக்கு நோய் மீண்டும் வருதல் அதிகம் என்பதை லண்டனில் ஜோர்ஜ் பிரவுனும் அவர் தோழரும் நடத்திய ஆய்வுகள் காட்டின. ஒற்றைக் காம்பிராவிலே ஒருவரை ஒருவர் விலகி நிற்க இடமில்லாத லயத்து வாழ்வில், ஒரு கடுஞ்சொல்லின் எடை எத்துணை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் இப்பணிக்கு ஆட்கள் புதிதாக வந்து பிறக்க வேண்டியதில்லை. லயந்தோறும் சென்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவ மாது இருக்கிறார். தோட்ட வைத்திய உதவியாளர் இருக்கிறார். பிள்ளைக்காம்பிராப் பொறுப்பாளர் இருக்கிறார். படித்த இளைஞரும் யுவதியரும் இருக்கின்றனர். இவர்களுள் ஒருவருக்கு முறையான பயிற்சியளித்து, மனநல மருத்துவ உத்தியோகத்தரோடு தொடர்புபடுத்தி, கையில் ஒரு சிறு ஏட்டைக் கொடுத்தாற் போதும். யார் மருந்து எடுத்தார், யார் எடுக்கவில்லை, யார் உறக்கமின்றி அலைகிறார் என்பதை அவ்வேடு சொல்லும். அது நோயாளியின் இசைவுடன் வைக்கப்பட்டு, ஊர்வாயில் விழாமல் காக்கப்படவும் வேண்டும். கிளினிக் நாளில் அரைப்பேராவது கிடைக்குமாறு நிருவாகமும் தொழிற்சங்கமும் பேசி முடிவு செய்யலாம். மருந்தினால் கை மந்தமான ஒருவரிடம் முதல் மாதத்திலேயே முழு நிறைக் கொழுந்தை எதிர்பார்த்தால், அவர் மருந்தையே விட்டுவிடுவார். தேயிலை நாற்றுமேடையிலோ லயத்தின் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியிலோ தொடங்கிப் படிப்படியாக மலைக்குத் திரும்ப விடுவதே அறிவுடைமை.

வீட்டார் செய்யக்கூடியனவும் உண்டு. உறக்கம் கெடுவதும் தனித்துப் பேசுவதும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் கூறுங்கள். குரல் கேட்கிறது என்பவரோடு வாதாட வேண்டாம். அவருடைய அச்சம் மெய்யானது. பக்கவிளைவு தொல்லை தந்தால் மருந்தை நிறுத்தாமல், அதனை வைத்தியரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றக் கேளுங்கள். ஆலோசனை வேண்டுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். மாணவர்களே, உங்கள் லயத்தில் அத்தகைய ஒருவர் இருந்தால் பட்டப்பெயரிட்டு அழைக்காதீர்கள். பெயர் சொல்லி அழையுங்கள். இந்நோய் முதலில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கின்றது. பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல் அவரை மீண்டும் நம்மிடம் சேர்க்கத் தொடங்கும்.