பாறைக்குள் ஒரு குத்தூசி

கர்நாடகத்தின் ரெய்ச்சூர் மாவட்டத்திலுள்ள ஹட்டி தங்கச் சுரங்கத்தைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர், "இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தோண்டத் தொடங்கிய இடத்தில் இன்னும் தேட என்ன மிச்சம்?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அங்கே பழங்குழிகளில் கிடைத்த மரத்துண்டுகளின் வயது, கரிமக் காலக்கணிப்பின்படி ஏறத்தாழ அவ்வளவுதான். நெருப்பு மூட்டிப் பாறையை விரிசல் விட வைத்துப் பெயர்த்தே அந்த மனிதர்கள் சுமார் 190 மீட்டர் ஆழம் வரை போயிருக்கிறார்கள். பம்பும் காற்றுக்குழாயும் இல்லாதவர்களுக்கு அதற்குக் கீழே வழி ஏது? அவர்கள் நின்றுவிட்டதால் தங்கமும் அங்கேயே நின்றுவிட்டது என்று பொருளில்லை.

அதனால் பழங்குழியே நல்ல துப்பு. 1880களில் கோலார் தங்கவயலில் பணமெல்லாம் கரைந்து, கடையைக் கட்டிவிடலாம் என்ற நிலையில் மைசூர் தங்க நிறுவனம் இருந்தது. அந்த நிறுவனத்தின் கேப்டன் பிளம்மர் பழங்குழிகளுக்கு அடியில் தோண்டிப் பார்த்தார். சாம்பியன் எனப்படும் தங்கத் தாதுநரம்பு அகப்பட்டது. வட ஆர்க்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த அந்தத் தங்கவயல், 2001இல் மூடப்படும்வரை ஏறக்குறைய 800 டன் தங்கம் தந்தது.

இன்று தங்கம் தேடுவோர் சுரங்கத்துக்குள்ளேயே எந்திரத்தை நிறுத்தி, பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் துளை போடுகிறார்கள். அரிசி மண்டியில் என் அப்பா மூட்டையில் குத்தூசியைச் செருகி, அதில் வந்த மணிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். இதுவும் அதே வேலைதான். வைரத்துகள் பதித்த முனை வளையமாக இருப்பதால் நடுப்பாறை அரைபடாமல் உருளையாகக் குழாய்க்குள் ஏறுகிறது. பரவலாகப் புழங்கும் ஓர் அளவில் அதன் விட்டம் 47.6 மில்லிமீட்டர்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடப்பது. அந்த உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுக்கிறார்கள். ஒரு பாதி பொடியாகி ஆய்வகத்துக்குப் போகிறது. மறுபாதி பெட்டியில் தங்கிவிடுகிறது. தங்கம் பாறையில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். ஒரே உருளையின் இரண்டு பாதிகளும் வேறுவேறு அளவு காட்டுவதுண்டு. ஆகவே சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அந்த மறுபாதி வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. தங்கம் மலிவாக இருந்த காலத்தில் வெண்ணிறக் குவார்ட்ஸ் நரம்பை மட்டும் சோதித்து, அதை ஒட்டிய பாறையை அப்படியே விட்டிருப்பார்கள். விலை ஏறிய பிறகு, டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் உள்ள அந்தப் பாறையும் தாதுவாகிவிடலாம். அப்போது புதிதாக ஓரடிகூடத் துளைக்காமல் பழைய பெட்டிகளிலிருந்தே விடை எடுக்கலாம். பெரும் செலவில் பூமிக்குள்ளிருந்து எடுத்ததை மழையில் நனையவிட்டு, பெட்டியில் எழுதிய துளை எண்ணும் ஆழமும் அழியும்படி விடுவது பொறுக்க முடியாத அலட்சியம். எந்தத் துளை, எத்தனையாவது மீட்டர் என்று தெரியாத உருளை வெறும் கல். சுரங்கத்துக்கு உரிமம் கொடுக்கும்போதே, இந்தப் பெட்டிகளுக்குக் கூரையும் பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போட வேண்டும். சுரங்கத்தை மூடினாலும் பெட்டிகளைப் பொதுக் கிடங்கில் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும்.