பதினெட்டுக்கு முன் மணமாலை வேண்டாம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளையும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளையும் நம்பி வந்த குடும்பங்கள் பல எங்கள் மகப்பேறு பிரிவை நாடுகின்றன. சில கர்ப்பிணிகளிடம் வயதைக் கேட்டால், விடைக்கு முன் ஒரு தயக்கம் வருகிறது.

“வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட்டு எப்படி வேலைக்குப் போவது?” என்று பெற்றோர் கேட்கின்றனர். அந்த அச்சத்தை நாங்கள் அறிவோம். ஆயினும் பூப்பெய்துதல் வளர்ச்சியின் ஒரு படியே. தாய்மைக்கான தகுதி அன்று. இடுப்பெலும்பு முழுமையாக வளராத வயதில் பிரசவம் தடைபடலாம். இரத்தசோகை, பேறுகால வலிப்பு, எடை குறைந்த குழந்தை ஆகிய அபாயங்களும் மிகுகின்றன.

பெண்ணின் மணவயதை 1929ஆம் ஆண்டுச் சட்டம் 14 என வரையறுத்தது. 1978இல் அது 18 ஆயிற்று. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தைத் திருமணத்தை நடத்துவோருக்கு 2 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மணம் முடிக்கப்பட்ட சிறுமி, 20 வயது நிறைவதற்குள் அதனைச் செல்லாததாக்க நீதிமன்றத்தை நாடலாம்.

18 வயது நிரம்பாத கர்ப்பிணியைக் குறித்துக் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி எங்கள் கடமை. இதனை ஒளிக்காமல் சொல்கிறோம். அதற்கு அஞ்சி அவளை வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். சிகிச்சையை நாங்கள் மறுப்பதில்லை.

அண்டை வீட்டுச் சிறுமிக்கு நிச்சயம் நடப்பதாக அறிந்தால் 1098 என்ற இலவச எண்ணை அழையுங்கள். நாள் குறித்த பின்னரும் திருமணத்தை நிறுத்த இயலும்.