டூயல் கோர் லேப்டாப் தவழுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

லேப்டாப்பை ஆன் பண்ணிட்டு, டீ போட்டு, குடிச்சு முடிச்சுட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுத்திட்டே இருக்கு. புராஜெக்ட்டை நாளைக்குள் அனுப்பணும். "ரெண்டு கோர்தானே, இனி தேறாது, தூக்கிப் போடு" என்கிறார்கள் நண்பர்கள். புதுசு வாங்கப் பணம் கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததுதான்.

புதுச்சேரியில் கல்லூரிகள் நிறைந்த லாஸ்பேட்டை, அதை ஒட்டிய கருவடிக்குப்பம் பகுதிகளில் இது பழகிய கதை. விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் சிலரிடம் இருப்பது, அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ முடித்தபோது வாங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. அதில் கொடுக்கப்பட்ட பல மாடல்களில் டூயல் கோர் பிராசஸர், 2 அல்லது 4 ஜிபி ரேம், பழைய வகை ஹார்டு டிஸ்க்.

இதில் பழி முழுக்க பிராசஸர் மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை.

யார் லேட் பண்றாங்க?

பரோட்டா கடையில் கல்லுக்கு முன்னால் ரெண்டு மாஸ்டர் நிற்கிறார்கள். உள்ளே இருந்து மாவு உருண்டை வரவே இல்லை. மூணாவது மாஸ்டரைச் சேர்த்தால் பரோட்டா சீக்கிரம் வருமா? டூயல் கோர் லேப்டாப்பின் நிலையும் இதுதான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஸ்லோவாக இருக்கும் நேரத்திலேயே பாருங்க. சிபியு 30 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், மாவு வரலைன்னு அர்த்தம்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்கில் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு தகவலைத் தேடிப் பிடிக்க சுமார் 10 மில்லி செகண்ட். கேட்க சின்னதாத்தான் இருக்கு. 2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அந்த இடைவெளியில் 2 கோடி துடிப்பு ஓடிவிடும். எஸ்எஸ்டியில் தட்டும் கிடையாது, சுற்றும் கிடையாது. தேடும் நேரம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பழைய லேப்டாப்புக்குச் செலவு பண்ண ஒரே ஒரு வாய்ப்புன்னா, அது இதுக்குத்தான். மாற்றும் முன் போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாத்தையும் வேறு இடத்தில் காப்பி எடுத்து வைக்கணும்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை. இடம் இல்லாத விண்டோஸ், டிஸ்க்கையே தற்காலிக ரேமாகப் பயன்படுத்தும். அதனால் டிஸ்க்கும் சேர்ந்து திணறும். 8 ஜிபி ஆக்க முடியுமா என்பதை அந்த மாடலுக்கு ஏற்ப சர்வீஸ் கடையில் கேட்டுக்கலாம். அதுவரை, பிரவுசரில் தேவையில்லாத டேப்களை மூடுங்க. ஸ்டார்ட்அப் பட்டியலில் தானாக எழும் ஆப்களை நிறுத்துங்க.

நிஜமாகவே சிபியு 100 என்றால்?

இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடுதா பாருங்க, ஒன்று போதும். யூடியூப் 1080-ல் திக்கினால் 720-க்கு இறக்குங்க. புதிய வீடியோ ஃபார்மட்டைப் பிரிக்கத் தனி வசதி இல்லாத பழைய சிப்பில் அந்த வேலை முழுக்க கோர்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது சூடு. சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். புதுச்சேரி மே மாத வெயிலில், மெத்தை மேல் வைத்து காற்று வழியை அடைத்தால் கேட்கவே வேண்டாம். ஃபேன் தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினாலே பல லேப்டாப்கள் பழைய வேகத்துக்கு வந்துவிடும். பவர் செட்டிங்கும் 'பேட்டரி சேவர்' நிலையில் மாட்டிக்கிட்டிருக்கலாம்.

அந்த 'சீக்ரெட் செட்டிங்' உண்மையா?

எம்எஸ்கான்ஃபிக்கில் போய் 'நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்' என்பதில் 2 என்று டிக் செய்தால் வேகம் டபுள் ஆகும் என்று ஒரு வீடியோ சுத்துது. பலன் இல்லை. விண்டோஸ் இருக்கிற எல்லா கோர்களையும் ஏற்கெனவே பயன்படுத்துகிறது. கோர்களைக் குறைத்துச் சோதிப்பதற்கான வசதி அது. கைதவறி 1 என்று வைத்தால் இருந்த வேகமும் போச்சு.

விண்டோஸ் 11 போடலாமா?

டூயல் கோர் என்பது அதற்குத் தடை இல்லை. 1 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கோர், 4 ஜிபி ரேம் என்பதே குறைந்தபட்சத் தேவை. ஆனால் டிபிஎம் 2.0, மைக்ரோசாஃப்ட்டின் பிராசஸர் பட்டியல் என்ற இரண்டு வடிகட்டி இருக்கு. இன்டெல்லில் பெரும்பாலும் 8-ம் தலைமுறைக்கு முந்தையவை அதில் கழிந்துவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

அதன் பிறகும் ஓட்ட நினைப்பவர்களுக்கு லினக்ஸ் இருக்கு. விலையில்லா லேப்டாப் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. திறந்து பார்த்தவர்கள் குறைவு. இன்றைக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, எஸ்எஸ்டி போட்ட டூயல் கோரில் டைப்பிங், இணையம், ஆன்லைன் வகுப்பு மூன்றுக்கும் தாராளமாகப் போதும். 4கே வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்று இறங்குபவர்களுக்கு மட்டும் ரெண்டு மாஸ்டர் நிஜமாகவே பத்தாது.