கையும் கருவியும் - 17: துளைக்கு அந்தப் பக்கம்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் என் பெரியம்மா வீடு. மாடியில் புதிதாக ஓர் அறையும் குளியலறையும் எழும்பிக்கொண்டிருந்தன. டாய்லெட் குழாய் கீழே இறங்க, தளத்தில் ஐந்து அங்குலத் துளை வேண்டும். "உளியும் சம்மட்டியும் இருக்கு, அரை நாள்ல உடைச்சுத் தர்றேன்" என்றார் கொத்தனார். பிளான் போட்ட எஞ்சினியர் ஒப்புக்கொள்ளவில்லை. சம்மட்டி அடி துளையோடு நிற்காது, சுற்றியுள்ள கான்கிரீட்டிலும் மயிரிழை வெடிப்பு விடும், நாலு மழை கழித்து அந்த வழியாகத்தான் ஒழுகும் என்றார். கோர் கட்டிங் ஆளுக்குப் போன் போனது.

மறுநாள் காலை ஒரு எக்ஸெல் வண்டி வந்து நின்றது. முன்னால் மெஷின், பின்னால் கையாளாக மச்சான். ஓட்டி வந்தவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கீரனூர்ப் பக்கம். மாடிக்கு வந்ததும் பெட்டியைத் திறப்பார் என்று பார்த்தால், சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, "கீழ என்ன இருக்குண்ணே?" என்றார்.

"சமையக்கட்டு."

"அடுப்பு எந்தப் பக்கம்?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சின்ன டிரில்லில் நீளமான பிட்டு மாட்டி, கோட்டின் நடுவில் பேனா பருமனுக்கு ஓர் ஓட்டை போட்டார். பிட்டின் முனை கீழே எட்டிப் பார்த்த இடம், பெரியம்மாவின் மிளகாய்ப்பொடி டப்பா அலமாரிக்கு ஒரு சாண் தள்ளி. "இப்ப தெரியுதுல்ல, கல்லு எங்க விழும்னு?" என்றார்.

கோர் மெஷினைப் பற்றி அதன் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவை நிறைய. ஆனால் முக்கியமானதை அந்த முதல் பத்து நிமிடத்திலேயே அவர் காட்டிவிட்டார். இந்த வேலையில் ஆபத்து வேலை செய்கிறவரின் கண்ணெதிரே இருப்பது குறைவு. தளத்துக்குக் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம், கான்கிரீட்டுக்குள், ஒயருக்குள் என்று அவர் பார்க்காத இடங்களில்தான் அது உட்கார்ந்திருக்கிறது.

துளை என்றாலே நம் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது திருச்செங்கோட்டிலிருந்து வரும் போர் வண்டி. அது குழிக்குள் இருக்கும் அத்தனை பாறையையும் அடித்துப் பொடியாக்கி, காற்றால் வெளியே ஊதித் தள்ளுகிறது. கோர் மெஷின் அப்படி இல்லை. வெறும் இரும்புக் குழாய், அதன் விளிம்பில் பல் வைத்தது போல வைரத்தூள் கலந்த துண்டுகள். செக்மென்ட் என்பார்கள். ஓரத்தை மட்டும் வளையமாக அரைத்துவிட்டு நடுவை முழுசாக விட்டுவிடும். நான்கு அங்குல பிட்டு அரைப்பது மொத்தத் துளையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். மீதி ஏழு பங்கும் ஒரே உருளையாக வெளியே வரும். வேலை சுலபமாவதும் அதனால்தான், அந்த உருளை கீழே விழுவதும் அதனால்தான்.

யோசனை பழையது. எகிப்தில் 1880களின் தொடக்கத்தில் பிரமிடுகளை அளந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, கிஸாவில் கிரானைட் உருளைகளையே கண்டெடுத்தார். செம்புக் குழாயை மணலோடு சேர்த்துச் சுழற்றி வெட்டியது என்பது இன்றைக்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். குழாய் விளிம்பில் வைரம் பதிக்கும் யோசனை 1860களில் லெஷோ என்ற சுவிஸ் எஞ்சினியருடையது. நம் ஊர்க் கல் தச்சர்கள் வேறு வழியில் போனார்கள். உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, பாறையை அதன் போக்கிலேயே பிளக்க வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் போனது நார்த்தாமலைச் சுற்றுவட்டாரத்திலிருந்துதான் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் கற்படுக்கைகளை வழுவழுப்பாக்கியவர்களிடம் என்ன மெஷின் இருந்தது?

அந்தக் கல்லின் கடினம் இன்றைக்கும் பிரச்சினைதான். 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கப் பக்கத்தில் குழி தோண்டிய ரிக்குகள் பாறையில் திணறியதை நாடே டி.வி.யில் பார்த்தது. விராலிமலைக்கு அடுத்த ஊர் போலத்தான் அது. மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுக்க இதே பாறை. அதை உடைத்த ஜல்லிதான் நம் வீட்டு கான்கிரீட்டில் கிடக்கிறது. அதில் பிட்டு ஓடும்போது சில சமயம் செக்மென்ட் மழுங்கி வழுக்க ஆரம்பிக்கும். மெஷின் சுற்றும், ஆனால் இறங்காது. அப்போது அனுபவமில்லாதவர் செய்வது ஒன்றே ஒன்று: உடம்பு எடையைப் போட்டு அழுத்துவது. விபத்துக்கு நேர்வழி அது. பிட்டை வெளியே எடுத்து, சொரசொரப்பான செங்கல்லிலோ சாணைக்கல்லிலோ கொஞ்சம் ஓட்டினால் மேலே தேய்ந்த இரும்பு போய்ப் புது வைரம் தலை காட்டும். ஐந்து நிமிட வேலை.

அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். இடது கையைக் காட்டினார். கட்டை விரல் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது.

"பிட்டு கம்பியில மாட்டுச்சுன்னா மெஷின் நிக்காதுண்ணே. பிட்டுதான் நிக்கும். மெஷினும் நாமளும் சேந்து சுத்துவோம்."

இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் சொல்லவில்லை. 2000 வாட் மெஷின் என்றால் ஏறக்குறைய 2.7 குதிரைத்திறன். ஒரு சின்னத் தோட்டத்து மோட்டாரின் சக்தி அது. அதை இரண்டு மணிக்கட்டால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. நல்ல மெஷினில் கிளட்ச் இருக்கும், பிட்டு இறுகினால் வழுக்கிவிடும். ஆனால் தேய்ந்துபோன கிளட்சை நம்பி ஏணியில் நிற்கக் கூடாது. பக்கக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யக் கூடாது. கையில் பிடித்து வெட்டும்போது சுவிட்சை லாக் போடவே கூடாது, விரலை எடுத்தால் மெஷின் நிற்க வேண்டும். இரண்டரை, மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் கையே வேண்டாம், ஸ்டாண்டு. ஸ்டாண்டைத் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து இறுக்க வேண்டும். நம் ஆள் போல்ட் அடித்தார். அடித்த பிறகு ஸ்டாண்டின் மேல் ஏறி நின்று ஒரு குலுக்குக் குலுக்கியும் பார்த்தார்.

வேகமும் பிட்டைப் பொறுத்தது. இரண்டு அங்குலத்துக்கு நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு சுற்று வரை போகலாம் என்றால், ஐந்து அங்குலத்துக்கு நானூற்றைம்பது போதும். பெரிய பிட்டைச் சின்ன பிட்டின் கியரில் ஓட்டுவது சக்கரத்தை விளிம்பில் பிடிப்பது போலத்தான்.

தண்ணீர் விட மருந்தடிக்கிற ஹேண்ட் ஸ்பிரேயர் ஒன்று கொண்டுவந்திருந்தார். மச்சான் பம்ப் அடிக்க அடிக்க, பிட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பால் போல ஓடி வந்தது. அந்தப் பாலைத்தான் அவர் கண் பார்த்துக்கொண்டிருந்தது, மெஷினை அல்ல. திடீரென்று தண்ணீர் தெளிந்தது. "கம்பி" என்றார். ஜல்லி அரைபட்டால் பால் வரும், இரும்பு அரைபட்டால் தெளிந்து, கூடவே மினுமினுப்பாகத் துகள் வரும். ஸ்டாண்டின் கைச்சக்கரத்தைத் தளர்த்தி, மெதுவாக, இறக்காமல் சுற்ற விட்டார். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் பால்.

தளத்தில் ஒரு கம்பி போவதற்கு எஞ்சினியர் ஒப்புக்கொண்டிருந்தார். கேட்ட பிறகுதான் அது. பீமிலும் தூணிலும் கேட்கவே வேண்டாம், துளை போடக் கூடாது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று இடிந்து விழுந்த 11 மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றதே, 2016 நவம்பர் 2 அன்று அதைத் தகர்த்தபோது தூண்களில் துளை போட்டுத்தான் வெடிமருந்தை வைத்தார்கள். ஏ.சி. குழாய்க்காக அதே வேலையை நம் வீட்டுத் தூணில் நாமே செய்துகொள்ள வேண்டுமா?

கம்பியைவிட எனக்குப் பயம் தந்தது கம்பிக்கு நடுவே போகும் பைப். ஃபேன் கொக்கிக்கு ஒயர் போகும் பி.வி.சி. குழாய் தளத்துக்குள்ளேதான் புதைந்திருக்கிறது. அது எந்த வழியாகப் போகிறது என்று கான்கிரீட் போட்ட அன்றைக்கு நின்ற எலக்ட்ரீஷியனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஃபேன் பெட்டியிலிருந்து சுவிட்ச் போர்டுக்கு மனதில் ஒரு கோடு போட்டு, அதை விட்டு விலகிப் போக வேண்டும். அதோடு அந்த அறையின் சர்க்யூட்டை அணைத்துவிட்டு, மெஷினுக்கு வேறு லைனிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும்.

இனி தண்ணீரும் கரண்டும். இந்த மெஷினின் விசித்திரம், இரண்டையும் ஒரே கையில் கொடுத்து வேலை செய்யச் சொல்வது. அதனால்தான் அதன் ஒயரில் நடுவழியில் ஒரு சோப்பு டப்பா அளவுக்குப் பெட்டி தொங்கும். அதில் டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று ஓயாமல் கூட்டிக் கழிக்கும் கணக்குப்பிள்ளை அது. கொஞ்சம் குறைந்தாலும், அதாவது மிச்சம் யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று தெரிந்தாலும், கண நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டு போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. செய்வதும் இதையே. 30 மில்லி ஆம்பியருக்கு அது விழ வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உதவாது. ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட், அது கவனிக்கும் அளவில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

சில வருடங்களுக்கு முன் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் சிம்னிக்குத் துளை போட ஒருவர் வந்தார். அவர் மெஷினில் அந்தப் பெட்டி இல்லை. "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது சார், வெட்டிட்டு நேரா போட்டுட்டேன்" என்றார், கறுப்பு டேப் சுற்றிய இடத்தைக் காட்டி. ஈரத் தரையில் ரப்பர் செருப்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். வேலை பாதியில் "சுருக்" என்றிருக்கிறது, மெஷினை விட்டுவிட்டார். அன்றைக்கு விட முடிந்தது. கை இறுகிவிட்டால் விட முடியாது. சும்மா ட்ரிப் ஆவதில்லை. எங்கோ ஈரம் கசிகிறது, பெட்டி அதைத்தான் சொல்கிறது. அன்று அவரைத் திருப்பி அனுப்பாதது என் தப்பு. இன்றுவரை உறுத்துகிறது.

திருக்கோகர்ணத்துக்கு வந்தவர் பிளக்கை மாட்டியதும் முதலில் டெஸ்ட் பொத்தானை அழுத்தினார். பட்டென்று விழுந்தது. ரீசெட் போட்டார். எட்டு, ஒன்பது ஆம்பியர் இழுக்கும் மெஷின் என்பதால் 16 ஆம்பியர் பிளக்தான். மொபைல் சார்ஜர் மாட்டுகிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் அவர் மாட்டவில்லை. சுருட்டி வைத்த ஒயரையும் முழுசாக விரித்துவிட்டார். சுருளாகவே இருந்தால் சூடேறும். பிளக் இணைப்பை ஈரத்தில் கிடக்க விடாமல் ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் போட்டார். லுங்கி இல்லை, பேண்ட். கையுறையும் போடவில்லை. சுற்றுகிற பிட்டுக்குப் பக்கத்தில் தொளதொளத்த துணிக் கையுறை போட்டால் முதலில் அதைத்தான் சுருட்டும், பிறகு கையை. கண்ணாடி போட்டிருந்தார். காதில் பஞ்சு. பஞ்சு போதாதுதான்.

தூசிக்குத் தண்ணீரே மருந்து. கிரானைட் ஜல்லியில் இருக்கும் குவார்ட்ஸ் நுண்தூளாக நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கித் தழும்பாக்கும். சிலிகோசிஸ். வந்தால் மாறாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே அதை அறிவித்தாக வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்திருந்தது. கட்டட வேலையில் அலைகிறவருக்கு யார் அறிவிப்பது? மூக்கில் சுற்றும் துண்டு கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பிடிக்கும். கொல்வது கண்ணுக்குத் தெரியாதது. ராயவரம், ராங்கியம் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் கதை வேறு. செங்கல்லும் சுண்ணாம்புமான பழைய சுவரில் தண்ணீர் விட்டால் பூச்சு கெட்டுப்போகும், காய்வாகத்தான் வெட்ட வேண்டும். அதற்குத் தனி பிட்டு, கூடவே தூசி உறிஞ்சும் மெஷின், சரியான மாஸ்க். தண்ணீரில் வெட்டும் பிட்டைக் காய்வாக ஓட்டினால் சூட்டில் பற்று விட்டு செக்மென்ட் தெறிக்கும்.

கீழே சமையலறையில் இன்னொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. துளை முடியப் போகிறது என்றதும் மச்சானைக் கீழே அனுப்பிவிட்டுப் பம்பை எஞ்சினியர் கையில் கொடுத்தார். மச்சான் மணல் சாக்கைத் துளைக்கு நேர் கீழே போட்டு, வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். பெரியம்மாவுக்குக் கோபம்.

"அடுப்புல குழம்பு கொதிக்குது தம்பி, தள்ளு."

"அஞ்சு நிமிசம்மா. குழம்பு போனா வேற வச்சுக்கலாம்."

பத்தடி உயரத்திலிருந்து விழுகிற கல் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். தலையில் என்றால் யோசிக்கவே வேண்டாம். மேலே ஓடிக்கொண்டிருந்த பால் சட்டென்று மறைந்தது. துளை கீழ்ப்பக்கம் திறந்து, தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிட்டது. அவர் கையை இன்னும் தளர்த்தினார். 'தொப்' என்று சத்தம். கீழேயிருந்து மச்சான், "விழுந்துருச்சு மாமா" என்றார். பிறகுதான் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிட்டில் கை வைத்தார்.

போகும்போது இன்னொன்றும் கேட்டார்: "அடுத்து எங்க வேலைன்னாலும், கீழ் வீட்டுக்காரவுக வேற ஆளா இருந்தா, முதநாளே சொல்லி வச்சிருங்கண்ணே. நாங்க போய் கதவத் தட்டுனா திறக்க மாட்டேங்கிறாக." கோர் கட்டிங்குக்கு ஆள் சொல்லும் வாசகர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

விழுந்த உருளையைக் கழுவி எடுத்தோம். வெட்டுப்பட்ட முகத்தில் கருநீலமும் வெள்ளையுமாக ஜல்லி, ஓரத்தில் பளபளவென்று ஒரு கம்பியின் வட்டம். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 3 கிலோ 700 கிராம் காட்டியது. இப்போது கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க பெரியம்மா அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார்.

(தொடரும்)